ஒரே பாதையில் நான்கு வகுப்பு: ஒரு கார் பந்தயத்தின் முதலாண்டுக் கணக்கு



சங்க இதழில் கார் பந்தயத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறோம். அரிசி மண்டிக்காரருக்கு இந்த ஆசை எதற்கு என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். 2012ஆம் ஆண்டு உலக அளவில் தொடங்கிய ஒரு பந்தயத் தொடரின் முதலாண்டு விவரங்களை எங்கள் பேரன் உதவியோடு படித்துப் பார்த்தோம். படிக்கப் படிக்க, இதில் பாதி நம் பேரேட்டிலேயே எழுதியிருக்கிறதே என்று தோன்றியது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

நமக்கும் பந்தயத்துக்கும் பழக்கமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன், களம்பூர் ஆலை அரிசியை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்குன்றம் மண்டிக்குப் போவது நம் வேலை. ஒரு பிப்ரவரி மாதம் ஞாயிற்றுக்கிழமை, சரக்கு இறக்க ஆள் வரவில்லை. பக்கத்தில் சோழவரத்தில் இருந்து இடி போலச் சத்தம் கேட்டது. அங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில்தான் அந்த நாளில் பந்தயம் நடத்தி வந்தது. (1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அந்தக் கிளப் சொந்தமாகப் பாதை போட்டுக்கொண்டது.) லாரி டிரைவரும் நாமும் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வெயிலில் நின்று பார்த்தோம். மோட்டார் சைக்கிள்கள் தனியாக ஓடின. ஃபியட், அம்பாசடர் கார்கள் தனியாக ஓடின. தாழ்வான ரேஸ் கார்கள் தனியாக ஓடின. சமமானவனோடு சமமானவன் மோதுவதுதான் நியாயம் என்று அன்று நினைத்துக்கொண்டோம்.

இப்போது சொல்லப்போகும் பந்தயம் அப்படிப்பட்டது இல்லை. இதில் பெரியவனும் சிறியவனும் ஒரே நேரத்தில், ஒரே பாதையில் ஓடுவார்கள். நம் கடைத்தெரு மாதிரி.

வகுப்பு என்றால் என்ன?

2012இல் தொடங்கிய அந்தத் தொடரின் பெயர் உலக எண்டூரன்ஸ் சாம்பியன்ஷிப். எண்டூரன்ஸ் என்றால் நீண்ட நேரம் தாக்குப்பிடித்தல். ஒரு காரை இரண்டு மூன்று ஓட்டுநர்கள் முறை வைத்து ஓட்டுவார்கள். முதலாண்டில் 8 பந்தயங்கள். அமெரிக்காவில் செப்ரிங், பெல்ஜியத்தில் ஸ்பா, பிரான்சில் லெ மான், இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன், பிரேசிலில் சாவோ பாவுலோ, பிறகு பஹ்ரைன், ஜப்பானில் ஃபூஜி, கடைசியாக சீனாவில் ஷாங்காய். செப்ரிங்கில் 12 மணி நேரம், லெ மானில் 24 மணி நேரம், மற்றவை 6 மணி நேரம். முதலிடத்துக்கு 25 புள்ளி, அடுத்து 18, அடுத்து 15 என்று இறங்கிக்கொண்டே போகும். லெ மானில் மட்டும் இரட்டிப்பு.

கார்களை நான்கு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். முதலாவது எல்.எம்.பி.1. பந்தயத்துக்கென்றே செய்த கார். பெரிய கம்பெனிகள் கோடி கோடியாய்க் கொட்டும் இடம். இரண்டாவது எல்.எம்.பி.2. இதுவும் பந்தயத்துக்கென்றே செய்ததுதான். ஆனால் தனியார் அணிகளுக்கானது, காரின் விலைக்கே உச்சவரம்பு உண்டு. மூன்றாவது ஜி.டி.இ. புரோ. ஃபெராரி, போர்ஷே, கார்வெட் என்று சாலையில் ஓடும் கார்களைப் பந்தயத்துக்குத் திருத்தியது. நான்காவது ஜி.டி.இ. ஆம். அதே மாதிரி கார்தான், ஆனால் குறைந்தது ஓராண்டு பழையதாக இருக்க வேண்டும். தொழில்முறை ஓட்டுநர் அல்லாத ஒருவர் அணியில் கட்டாயம் இருக்க வேண்டும். வேறு தொழில் செய்து, சொந்தப் பணம் போட்டு, ஆசைக்கு ஓட்டுகிறவர்களுக்கான இடம் அது.

எந்தக் கார் எந்த வகுப்பு என்பது பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? எண் எழுதிய அட்டையின் நிறத்தில். சிவப்பு முதல் வகுப்பு, நீலம் இரண்டாவது, பச்சை மூன்றாவது, ஆரஞ்சு நான்காவது. ஆரஞ்சு அட்டைக்காரன் சிவப்பு அட்டைக்காரனை ஜெயிக்க வேண்டியதில்லை. இன்னொரு ஆரஞ்சு அட்டைக்காரனை ஜெயித்தால் போதும். அவனுக்கும் மேடை உண்டு, கோப்பை உண்டு.

பெரியவன் போன கதை

இந்தப் பந்தயத்துக்கு ஒரு மூத்தார் உண்டு. 1953இலேயே உலக ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன்ஷிப் என்று ஒன்று தொடங்கியது. நாற்பதாண்டு நடந்தது. 1992இல் செத்தது. எதனால் செத்தது என்பதைத்தான் நாம் ஊன்றிப் படிக்க வேண்டும்.

அதிலும் தனியார் அணிகள் நிறைய இருந்தன. போர்ஷே கம்பெனியிடம் ஒரு காரை விலைக்கு வாங்கி, அதையே பழுது பார்த்துப் பார்த்து வருஷக்கணக்கில் ஓட்டியவர்கள். கடைசி ஆண்டுகளில் விதியை மாற்றினார்கள். ஃபார்முலா 1 கார்களில் இருப்பது போன்ற 3.5 லிட்டர் எஞ்சின்தான் இனிமேல் என்றார்கள். அதன் விலை சின்னவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒவ்வொருவராக விலகினார்கள். சின்னவர்கள் போன பிறகு பெரியவர்களாவது நின்றார்களா என்றால், அதுவும் இல்லை. 1991 முடிந்ததும் ஜாகுவாரும் மெர்சிடிஸும் போயின. 1992இல் லெ மான் போன்ற பெரிய பந்தயத்துக்கே 28 கார்கள்தான் வந்தன. அந்த ஆண்டோடு தொடர் மூடப்பட்டது.

இருபதாண்டு கழித்து 2012இல் மறுபடி தொடங்கினார்கள். தொடங்குவதற்கு முன்பே இடி விழுந்தது. ஆடி, பெஜோ என்ற இரண்டு பெரிய கம்பெனிகளின் போட்டியை நம்பித்தான் தொடரை அறிவித்திருந்தார்கள். ஐரோப்பாவில் வியாபாரம் மந்தம் என்று சொல்லி, 2012 ஜனவரி 18 அன்று பெஜோ விலகிவிட்டது. முதல் பந்தயம் மார்ச் 17. இரண்டே மாதம். புதுக் கடை திறக்க நாள் குறித்து, பத்திரிகை அடித்து, ஊரெல்லாம் கொடுத்த பிறகு பெரிய சப்ளையர் கையை விரித்தால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

டொயோட்டா தன் புதுக் காரோடு உதவிக்கு வந்தது. அதற்கும் சோதனை ஓட்டத்தில் விபத்து. ஸ்பாவுக்கு வர முடியவில்லை, ஜூன் மாதம் லெ மானில்தான் வந்தது. ஆக, முதல் இரண்டு பந்தயங்களில் முதல் வகுப்பில் நின்ற பெரிய கம்பெனி ஆடி ஒன்றுதான். அதோடு ஓடியவை எல்லாம் தனியார் அணிகள்.

தொடர் ஏன் நிற்காமல் போயிற்று? மற்ற மூன்று வகுப்புகளிலும், முதல் வகுப்பின் கீழ்ப்பாதியிலும் தனியார்கள் நிறைந்திருந்தார்கள். முதல் வகுப்பில் ஓடும் தனியார் அணிகளுக்கென்றே தனிக் கோப்பை ஒன்றை வைத்திருந்தார்கள். அதை ரெபெல்லியன் என்ற ஸ்விட்சர்லாந்து அணி வாங்கிற்று. இரண்டாம் வகுப்பில் ஸ்டார்வொர்க்ஸ் என்ற அமெரிக்க அணி. மூன்றாவதில் ஏ.எஃப். கோர்ஸே என்ற இத்தாலி அணி, ஃபெராரியோடு. நான்காவதில் லார்ப்ர் என்ற பிரெஞ்சு அணி, கார்வெட்டோடு. 1992இல் 28 கார்கள் நின்ற அதே லெ மானில் 2012இல் 56 கார்கள் நின்றன. பெரிய சரக்குக் கப்பல் வராத துறைமுகத்தில் தோணிகள் நிறைந்திருந்தால் சந்தை மூடாது. இந்தக் கணக்கைப் படித்தபோது நாம் சற்று நேரம் பேரேட்டை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

நம்மவர் ஒருவர்

அந்த 56இல் ஒரு காரில் நம் சென்னைப் பையன் இருந்தார். கருண் சந்தோக். சோழவரத்துப் பந்தயங்களை நடத்திய கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன் இவர். 2010, 2011இல் ஃபார்முலா 1 ஓட்டிவிட்டு, 2012இல் ஜே.ஆர்.எம். என்ற பிரிட்டிஷ் தனியார் அணிக்கு வந்தார். ஆஸ்திரேலியாவின் டேவிட் பிராபம், ஸ்காட்லாந்தின் பீட்டர் டம்பிரெக் ஆகியோர் கூட்டாளிகள். 24 மணி நேர லெ மான் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் இவரே. 2009இல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் அங்கே போயும், பந்தயத்துக்கு முன் தோளில் அடிபட்டதால் ஓட்ட முடியாமல் போயிற்று.

லெ மானில் ஒரு சுற்று 13.629 கிலோமீட்டர். ஜெயித்த ஆடி 378 சுற்று ஓடியது. மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார் அங்கே ஜெயித்தது அதுவே முதல் முறை. கருண் சந்தோக்கின் கார் 357 சுற்று; மொத்தத்தில் ஆறாவது. 21 சுற்று பின்தங்கல். அதாவது ஏறக்குறைய 286 கிலோமீட்டர். களம்பூரில் இருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் தூரம்! அவ்வளவு பின்னால் வந்தும், முன்னால் முடித்த ஐந்தில் நான்கு ஆடி, ஒன்று ரெபெல்லியன் என்று பார்த்தால், ஆறாவது இடம் சாமானியமா? ஸ்டார்வொர்க்ஸ் 354 சுற்று ஓடித் தன் வகுப்பில் முதல். ஃபெராரி 336, தன் வகுப்பில் முதல். கார்வெட் 329, தன் வகுப்பில் முதல். ஆடியைவிட 49 சுற்று குறைவாக ஓடியவனும் அன்று மாலை கோப்பையைத் தூக்கினான்.

நீலக் கொடி

வேகம் வேறுபட்ட கார்கள் ஒரே பாதையில் ஓடினால் முட்டிக்கொள்ளாதா? முட்டும். அதற்காகத்தான் நீலக் கொடி. பின்னால் வேகமானவன் வருகிறான் என்று மெதுவானவனுக்குக் காட்டுவது. கொடியைக் கண்டதும் மெதுவானவன் என்ன செய்ய வேண்டும்? சட்டென்று ஒதுங்கக் கூடாது. குறுக்கே மறிக்கவும் கூடாது. தான் போகிற கோட்டிலேயே நிதானமாகப் போக வேண்டும். அவன் எந்தப் பக்கம் போவான் என்பது பின்னால் வருகிறவனுக்குத் தெரிந்திருந்தால், அவன் சுற்றிக்கொண்டு போய்விடுவான்.

இது தவறினால் என்ன ஆகும் என்பதும் அதே இரவுக்குள் தெரிந்துவிட்டது. டொயோட்டாவை ஓட்டிய ஆண்டனி டேவிட்சன், ஆம் வகுப்பு ஃபெராரி ஒன்றைக் கடக்கும்போது இரண்டும் உரசின. டொயோட்டா காற்றில் எழும்பித் தடுப்பில் விழுந்தது. அவருக்கு முதுகெலும்பில் இரண்டு எலும்புகள் முறிந்தன. யார் பிழை என்று நாம் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. மற்றொரு டொயோட்டா, விருந்தாளியாக ஓடிய டெல்டாவிங் என்ற விநோதக் காரை இடித்துத் தள்ளியது. பாதையோரத்தில் நிற்கும் காரை ஓட்டுநர் மட்டுமே தொடலாம் என்பது விதி. அதன் ஓட்டுநர் மோடோயாமா ஒன்றரை மணி நேரம் தனி ஆளாக அதைப் பழுது பார்த்தார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மெக்கானிக்குகள் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசியில் கார் கிளம்பவில்லை. பேரன் காட்டிய அந்தக் காட்சியை நாம் இரண்டு முறை பார்த்தோம்.

நீலக் கொடியைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் உண்டு. சொந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் சரக்கு எடுக்கும் கிராமத்து மளிகைக்காரர் ஒருவர் மண்டிக்கு வந்தார். நம் ஊரில் இருந்து எட்டு கிலோமீட்டரில் கடை. நல்ல மனிதர், பற்று வரவில் நாணயம். பக்கத்து டவுனில் பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்று திறந்திருந்தார்கள்.

"முதலாளி, நாம வாங்குற விலைக்கே அவன் எண்ணெய் விக்கிறான். சர்க்கரை அதைவிட மோசம். ஜனங்க பஸ் ஏறிப் போறாங்க" என்றார்.

"நீரும் அதே விலை போட்டுப் பாரும். சரக்கு நாம் தருகிறோம். பணத்துக்கு அவசரம் இல்லை" என்று சொன்னது நாம்தான். அறுபது நாள் தவணை கொடுத்தோம். பிறகு தொண்ணூறு.

எண்ணெயிலும் சர்க்கரையிலும் அவர் பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று நஷ்டப்பட்டார். பெரிய கடைக்கு அது ஒரு மூலையில் போகும் நஷ்டம். இன்னொரு மூலையில் சோப்பிலும் பிஸ்கட்டிலும் எடுத்துக்கொள்வார்கள். இவருக்கு மூலையே இரண்டுதான். கடைசி மாதங்களில் நம் தவணைக்குக் கட்ட வட்டிக்கு வாங்கினார். பதினான்காம் மாதம் கதவைச் சாத்தினார். நம் பேரேட்டில் அவர் பக்கத்தில் 1,86,000 ரூபாய் நின்றது. நமக்கு அது தாங்கும் தொகை. அவருக்கு அது கடை. ஆரஞ்சு அட்டைக்காரனைச் சிவப்பு அட்டைக்காரனோடு முட்டச் சொல்லி, எரிபொருளும் ஊற்றிக் கொடுத்தது நாம்.

அதே சமயம் நெசவாளர் தெருவில் ஓர் அம்மையார் கடை வைத்திருக்கிறார். பத்துக்குப் பத்து இடம். காலை ஐந்தரைக்குத் திறப்பார். ஐம்பது கிராம் பருப்பு என்றாலும் முகம் சுளிக்காமல் மடித்துக் கொடுப்பார். பெரிய கடை வந்ததைப் பற்றி அவரிடம் கேட்டோம்.

"அவங்க விலையை நான் பாக்கறதே இல்லீங்க ஐயா. எந்த வீட்டுல எப்பச் சேலை முடியும், எப்பக் கூலி வரும்னு எனக்குத் தெரியும். அது அவங்களுக்குத் தெரியாதே" என்றார்.

சேலை முடித்துக் கொடுத்த அன்றுதான் தறிக்காரர் கையில் காசு. அதுவரை ஒரு நோட்டில் கணக்கு. அந்த நோட்டுதான் அந்த அம்மையார் ஓடும் கோடு. பெரிய கார் பக்கத்தில் உறுமிக்கொண்டு போனபோது அவர் ஒதுங்கவும் இல்லை, மறிக்கவும் இல்லை. அவருக்கும் வாராக் கடன் உண்டு. ஆனால் யாரிடம் எவ்வளவு தங்கும் என்பது அவர் கணக்கில் முன்கூட்டியே இருக்கிறது.

விதி செய்கிறவர் கையில்

நம்மை நாமே குறைசொல்லிக்கொண்டு விட்டுவிடவும் முடியாது. வகுப்பைப் பிரிப்பதும், வரம்பு கட்டுவதும் பந்தயம் நடத்துகிறவர் வேலை. பழைய தொடரில் தவறாக வரம்பு கட்டினார்கள், சின்னவர்கள் போனார்கள். புதிய தொடரில் எல்.எம்.பி.2 காருக்கு விலை வரம்பு இருந்தது, சின்னவர்கள் வந்தார்கள்.

நமக்கும் வகுப்பு இருக்கிறது. ஜி.எஸ்.டி.யில் தொகுப்பு வரி என்னும் காம்போசிஷன் திட்டம் அதுதான். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் உள்ள வியாபாரி, விற்றுமுதலில் 1 சதவீதம் கட்டிவிட்டுப் போகலாம். கணக்கு வேலையும் குறைவு. ஆனால் வாங்கிய சரக்கின் வரியைக் கழிக்க முடியாது, வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது, வெளி மாநிலத்துக்கு விற்க முடியாது. அந்த வகுப்பில் ஓடினால் அந்த வகுப்பின் விதி. எந்த வகுப்பு தனக்கு லாபம் என்பதை அவரவர் கொள்முதலைப் பார்த்துக் கணக்கரிடம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் எதில் இருக்கிறார் என்று பார்த்துச் சேருவது பிழை.

வரம்பு கட்டினால் வரம்பின் ஓரத்தில் எல்லோரும் போய் நிற்பதும் இயற்கை. 2022 ஜூலையில், பெயர் அச்சடித்து மூட்டை கட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத வரி என்றதும், 26 கிலோ சிப்பம் வந்ததே, நினைவிருக்கிறதா? நம் ஆலைகளில் அதற்காகப் புதுப் பை அடித்தோம். பந்தயத்திலும் இதே தந்திரங்கள் உண்டு. எஞ்சினியர்கள் சட்டப் புத்தகத்தை அளவுகோல் வைத்துத்தான் படிப்பார்களாம்.

2012 தொடர் நல்லபடியாகவே முடிந்தது. ஆடி ஐந்து பந்தயம், டொயோட்டா மூன்று பந்தயம் ஜெயித்தன. ஃபாஸ்லர், லாட்டரர், திரெலுயே மூவரும் ஓட்டுநர் பட்டம் வாங்கினார்கள். முதலாண்டைத் தூக்கி நிறுத்திய ஆடியும் 2016 முடிவில் போய்விட்டது. தொடர் நிற்கவில்லை. வகுப்புகளைத் திரும்பத் திரும்ப மாற்றினார்கள். அந்த நான்கு வகுப்பும் அதே உருவில் இப்போது இல்லை. 2024 முதல் ஹைப்பர்கார் ஒன்று, எல்.எம்.ஜி.டி.3 ஒன்று என இரண்டே வகுப்பு. கருண் சந்தோக் 2013இல் லெ மானுக்கு மறுபடி வந்தபோது இரண்டாம் வகுப்புக் காரில், வேறு அணியில் ஓட்டினார். வகுப்பு இறங்கியதாக அவரை யாரும் கேலி செய்ததாய்த் தெரியவில்லை.

நாம் சொன்ன கிராமத்து மளிகைக்காரர் போன தை மாதம் மண்டிக்கு வந்தார். வீட்டுத் திண்ணையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறாராம். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். இட்லி அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து, ஒன்றிரண்டு மணியைக் கடித்துப் பார்த்து, இரண்டு சிப்பம் எடுத்தார். ரொக்கம் கொடுத்தார். பழைய பாக்கியைப் பற்றி அவர் பேச்செடுக்க வாய் திறந்தபோது, லாரி வந்துவிட்டது என்று நாம் எழுந்து போய்விட்டோம்.